பழைய கடிதமா, புதிய கடிதமா?

பாளையங்கோட்டையில் தனியார் வேலை பார்க்கும் என் சித்தி மகன் ராஜினாமா கொடுத்தான், மேலாளர் பேசியதும் வாபஸ் வாங்கினான். இரண்டு மாதம் போனதும் மறுபடி கிளம்ப நினைக்கிறான். "அந்தப் பழைய லெட்டரையே எடுத்துக்கிடச் சொல்லட்டுமாண்ணே?" என்றான்.

பழைய கடிதத்தில் நோட்டீஸ் நாள், அதாவது ராஜினாமா கொடுத்த பின்னும் வேலை பார்க்க வேண்டிய நாள், மிச்சமாகும் என்ற ஆசை ஒன்றுதான் உண்டு. வாபஸை நிர்வாகம் ஏற்ற அன்றே அந்தக் கடிதம் உயிரிழந்துவிட்டது.

புதிய கடிதம் கொடுத்தால் நோட்டீஸ் முதல் நாளிலிருந்து ஓடும். சிரமம்தான், ஆனாலும் என் மனசு இதற்குத்தான் சாயும். ஒருமுறை வாபஸ் வாங்கியதால் ராஜினாமா செய்யும் உரிமை போய்விடாது. அப்புறம் ஒரு விஷயம்: தடை ஏதும் இல்லாவிட்டால், வரப்போகும் ஒரு தேதியிலிருந்து நடப்புக்கு வரும் ராஜினாமாவை அந்தத் தேதிக்கு முன் திரும்பப் பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் 1978-இல் கோபால் சந்திர மிஸ்ரா வழக்கில் சொல்லியிருக்கிறது. அந்த வழியும் புதிய கடிதத்தோடு திறந்தே இருக்கும்.

அவனுக்கு 5 வருடம் நிறைய இரண்டு மாதம்தான் பாக்கி. நோட்டீஸோ மூன்று மாதம். அது முடியும்போது பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) வேண்டிய 5 வருடமும் சேர்ந்துவிடும். தேதி போட்டு, கடைசி வேலைநாளைக் குறிப்பிட்டு, மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.