பெங்களூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோ: எகானமியில் எந்த வழி உடம்புக்கு நல்லது?

பெங்களூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோ ஏறத்தாழ 14,000 கி.மீ. கிட்டத்தட்ட உலகத்தின் மறுபக்கம். அதனால் கிழக்கே கிளம்பினாலும் மேற்கே கிளம்பினாலும் போய்ச் சேரலாம். டோக்கியோ, சிங்கப்பூர், துபாய், தோஹா, லண்டன், ஃபிராங்க்ஃபர்ட் என்று வழிகள் ஏராளம். காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் எல்லாமே 20 மணி நேரத்தைத் தாண்டும். டிக்கெட் தளத்தில் விலைவாரியாக அடுக்கிப் பார்க்கும்போது எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். உட்கார்ந்து போகும்போது அப்படி இருக்காது.

நம்மில் பலரும் முதலில் பார்ப்பது விமான நிறுவனத்தின் பெயரை. எகானமியில் போகிறவருக்கு அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. ஒரே மூச்சில் எத்தனை மணி நேரம் உட்கார வேண்டும் என்பது முதல் கேள்வி. ஒரு வரிசையில் எத்தனை பேர் என்பது இரண்டாவது.

இரண்டாவதை முதலில் பார்த்துவிடலாம். போயிங் 777 புதிதாக வந்தபோது பெரும்பாலான நிறுவனங்கள் வரிசைக்கு 9 சீட் வைத்தன. இன்று பெரும்பாலும் 10. விமானத்தின் அகலம் மாறவில்லை, எனவே சீட்டின் அகலம் 17 அங்குலத்துக்குச் சுருங்கிவிட்டது. ஏர்பஸ் ஏ350-இல் பெரும்பாலான நிறுவனங்கள் 9 பேரை உட்கார வைக்கின்றன, ஆளுக்குச் சுமார் 18 அங்குலம். ஒரு அங்குலம்தானே என்று தோன்றும். 3-4-3 வரிசையின் நடுவில் மாட்டிக்கொண்டு சாப்பாட்டுத் தட்டை வாங்கிப் பாருங்கள். இரண்டு பக்கக் கைப்பிடியும் பக்கத்து ஆட்களிடம் போயிருக்கும். முழங்கையை வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டுதான் அலுமினியத் தாளைப் பிரிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து முன்சீட்டுக்காரர் சாய்ந்தால், திரை மூக்குக்கு நேரே வந்து நிற்கும். தோள் அகலமானவர் என்றால் 16 மணி நேரமும் கொஞ்சம் திரும்பியே உட்கார்ந்திருப்பார்.

போயிங் 787-இன் கதை இன்னும் சுவாரஸ்யம். 2-4-2 என்று 8 பேர் வசதியாக உட்காரக்கூடிய விமானம் அது. ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் 3-3-3 என்று 9 பேரை நெருக்கிவிட்டன. ஜப்பான் ஏர்லைன்ஸ் மட்டும் சர்வதேச வழித்தடங்களில் இன்னும் 8 பேரோடு ஓட்டுகிறது. முழங்காலுக்கும் ஒன்றிரண்டு அங்குலம் கூடுதலாகக் கிடைக்கும். இரட்டை மாடி ஏ380-இன் கீழ்த்தளத்திலும் வரிசைக்கு 10 பேர்தான், ஆனால் உடல் பெரிய விமானம் என்பதால் ஆளுக்கு 18 அங்குலம் வருகிறது. சத்தமும் குறைவு.

இன்னொன்று கண்ணுக்குத் தெரியாது, காது, தொண்டை, தலைக்குத் தெரியும். பழைய ரக விமானங்களில் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 8,000 அடி உயரம் வரை உள்ள மலையில் இருப்பதுபோல ஆகலாம். அது ஊட்டியைவிட உயரம். 787, ஏ350 இரண்டிலும் அது சுமார் 6,000 அடியோடு, அதாவது குன்னூர் அளவோடு நின்றுவிடுகிறது. ஈரப்பதமும் கொஞ்சம் அதிகம். இறங்கும்போது தொண்டை வறண்டு தலை கனப்பது குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது வழிகளுக்கு வருவோம்.

மாறாமல் நேராகப் போவது கேட்க நன்றாக இருக்கும். ஏர் இந்தியா 2021 ஜனவரியில் இந்த நேரடிச் சேவையைத் தொடங்கியது. முதல் விமானம் பெண் விமானிகளோடு வட துருவத்தைத் தாண்டி பெங்களூரில் வந்து இறங்கியது. அதன் பிறகு அந்தச் சேவை எப்போதும் ஒரே சீராக ஓடியதில்லை, உங்கள் தேதிக்கு இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தாலும் 16 மணி நேரத்துக்கு மேல் ஒரே சீட். முழங்கால் வலி உள்ளவருக்கு நான் சொல்ல மாட்டேன். விமானம் மாறவே பயப்படுகிறவருக்கு இதைவிட நிம்மதி வேறு இல்லை.

டோக்கியோ வழியில் பயணம் ஏறத்தாழச் சரிபாதியாகப் பிரிகிறது. டோக்கியோவின் நரிட்டா விமான நிலையம் வரை சுமார் 8 மணி நேரம், அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு 9 மணி நேரத்தை ஒட்டி. பசிபிக் மேல் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் போகும்போது வேகம். திரும்பும்போது அதே காற்று எதிரே நிற்கும், இரண்டு பறத்தலும் நீளும். ஆனால் எந்தப் பறத்தலும் 12 மணி நேரத்தைத் தொடாது, கூடவே ஜப்பான் ஏர்லைன்ஸில் அந்த 8 பேர் வரிசை. தனியாகப் போவதென்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

குறை இல்லாமல் இல்லை. தூக்கம் இரண்டாக வெட்டுப்படும். கண் அயரும் நேரத்தில் தரையிறங்க விளக்கைப் போடுவார்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே இந்திய சைவ உணவைப் பதிவு செய்தே ஆக வேண்டும், ஜப்பானியச் சமையலில் காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு இருக்கும். அப்புறம் ஒரு பொறி: டோக்கியோவுக்கு நரிட்டா, ஹனேடா என்று இரண்டு விமான நிலையங்கள். ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறும்படி டிக்கெட் வந்தால், இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஜப்பான் விசா வேண்டும், ஊரைக் கடக்கும் பயணம் வேறு. விலை மலிவாகத் தெரிந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

வளைகுடா வழியில் பங்கீடு நேரெதிர். துபாய் வரை 4 மணி நேரம், பிறகு 16 மணி நேரம். காகிதத்தில் மோசமாகத் தெரிந்தாலும் இதற்கு ஒரு நியாயம் உண்டு. முதல் பறத்தலில் தூங்க முயலாமல் ஒரு படம் பார்த்துவிட்டு, இரண்டாவதில் 7, 8 மணி நேரம் தொடர்ந்து தூங்க முடிகிறவருக்கு இது டோக்கியோவைவிட நல்லது. எமிரேட்ஸ் 2022 அக்டோபரிலிருந்து பெங்களூருக்கு ஒரு ஏ380-ஐ இயக்குகிறது, சான் பிரான்சிஸ்கோவுக்கும் ஏ380 போகிறது. இரண்டும் பொருந்தும் நேரத்தைப் பிடித்தால் 18 அங்குலம் இரண்டு பறத்தலிலும் கிடைக்கும். அதே நிறுவனத்தின் வேறு நேரத்து விமானம் 10 பேர் வரிசை 777 ஆக இருக்கலாம். கத்தார் ஏர்வேஸ் என்றால் தோஹாவிலிருந்து கிளம்பும் விமானம் ஏ350 ஆக இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வழியின் பலவீனம் அரசியல். 2025 ஜூன் 23 அன்று அந்த வட்டாரத்தின் வான்வெளி சில மணி நேரம் மூடப்பட்டதும் விமானங்கள் பாதி வழியில் திரும்பின.

நியூயார்க், சிகாகோ போகிறவர்களுக்கு அபுதாபி தனி வசதி. அமெரிக்கக் குடியேற்றச் சோதனை அங்கேயே முடிந்துவிடும். அமெரிக்காவில் இறங்கும்போது உள்ளூர்ப் பயணிபோல நேரே வெளியே வரலாம்.

ஐரோப்பா வழி என்னைப் பெரிதாக ஈர்த்ததில்லை. 10 மணி நேரம், பிறகு 11 மணி நேரத்துக்கு மேல். பங்கீடு சீராக இருந்தாலும் மொத்தம் டோக்கியோவைவிடக் கூடுதல். இந்தப் பக்கம் கிளம்பும் நேரங்களும் பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பின். எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி வரை வந்து, தூக்கம் கெட்ட உடம்போடுதான் ஏற வேண்டும். மாறும் இடத்தில் மறுபடி பாதுகாப்புச் சோதனை உண்டு, ஊறுகாய்ப் புட்டி கைப்பையில் இருந்தால் அங்கே பறிபோகலாம். டிரான்சிட் விசா விதி நாட்டுக்கு நாடு வேறு, அடிக்கடி மாறுவது. திரும்பும்போது அமெரிக்க விசா காலாவதியாகியிருக்கும் என்றால் விமானம் மாறும் நாட்டின் தூதரகத் தளத்தைப் பார்க்காமல் டிக்கெட் போடாதீர்கள். சிங்கப்பூர் வழி சேவையில் அருமை, ஏ350 விமானம், ஆனால் 4 மணி நேரம் சொச்சத்துக்குப் பிறகு 15 மணி நேரம். விலையும் பெரும்பாலும் மேலே.

மகளின் பிரசவத்துக்குப் போகும் அம்மாவுக்கோ மாமியாருக்கோ இந்தக் கணக்கு மாறும். அவர்களுக்கு ஒரு அங்குலத்தைவிட, கேட்டால் பதில் சொல்ல ஆள் இருப்பது முக்கியம். துபாயிலும் தோஹாவிலும் தமிழோ மலையாளமோ இந்தியோ தெரிந்த ஊழியர் கண்ணில் படாமல் இருக்க மாட்டார். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி. நரிட்டாவில் மரியாதைக்குப் பஞ்சமில்லை, மொழிக்குத்தான் பஞ்சம். சக்கர நாற்காலி உதவியை டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. மாறும் இடத்தில் நாற்காலிப் பயணிகளை ஓரிடத்தில் கூட்டி உட்கார வைத்துவிட்டு, ஏறும் நேரத்தில்தான் வந்து அழைத்துப் போவார்கள். அந்த இடைவெளியில் கழிவறைக்குப் போக யாரைக் கேட்பது என்று தெரியாமல் தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடுவார்கள். ஒரு தாளில் விமான எண்ணையும் "கழிவறைக்குப் போக வேண்டும்" என்பதையும் ஆங்கிலத்தில் எழுதிக் கையில் கொடுத்து அனுப்பினால் போதும். இவர்களுக்கு நான் துபாய் வழியைத்தான் போடுவேன், அதுவும் ஒரே பிஎன்ஆரில்.

எனக்கென்றால், டோக்கியோ 10,000 ரூபாய் வரை கூடுதலாக இருந்தாலும் கொடுப்பேன். அதற்கு மேல் போனால் ஏ380 துபாய். 10 பேர் வரிசை 777-இல் 16 மணி நேரம் என்றால் எவ்வளவு மலிவு என்றாலும் வேண்டாம்.

கடைசியாக சீட். ஏரோலோபா தளத்தில் ஒவ்வொரு நிறுவனத்தின் விமானத்துக்கும் அளவுப்படி வரைந்த படம் இருக்கிறது. அவசர வழி வரிசையில் கால் நீட்டலாம், ஆனால் மடக்கு மேசை கைப்பிடிக்குள் இருப்பதால் சீட் இன்னும் குறுகல். தடுப்புச் சுவர் வரிசையில் தொட்டில் போடுவார்கள், கைக்குழந்தைகள் வரும். சில நிறுவனங்களின் 777-இல் வால்பக்கக் கடைசி வரிசைகளில் ஜன்னலோரம் மூன்றுக்குப் பதில் இரண்டு சீட்தான் இருக்கும், கணவன் மனைவியாகப் போகிறவர்கள் அதைப் பிடிக்கலாம். கழிவறையிலிருந்து இரண்டு வரிசையாவது தள்ளி எடுங்கள். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு பதிவைத் திறந்து விமான ரகத்தை மறுபடி பாருங்கள். ரகம் மாறியிருந்தால் நீங்கள் காசு கொடுத்து எடுத்த ஜன்னல் சீட் நடு சீட்டாக மாறியிருக்கக்கூடும், அன்றே கூப்பிட்டுக் கேட்டால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள்.