சைலுக்குப் போனால் ஒரு ராத்திரியாவது தங்குங்கள்

சைல், ஹிமாச்சலில் சிம்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு மலையூர். சிம்லா, மணாலி பேக்கேஜில் போகிறவர்களுக்கு அது குஃப்ரி என்ற சுற்றுலா இடத்துக்கு அப்பால் ஒரு அரண்மனை வாசல். டிரைவர் ஒரு மணி நேரம் கொடுப்பார். புல்வெளியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அப்படிப் போவதானால் போகவே வேண்டாம் என்பேன்.

நானும் அம்மாவும் சிம்லா வரை போகவில்லை. கால்காவில் பொம்மை ரயில் ஏறி கண்டாகாட்டில் இறங்கி, அங்கிருந்து டாக்ஸி. சாலை முதலில் சாதுபுல் என்ற இடத்தில் ஆற்றுக்கு இறங்கி, பிறகு வளைந்து வளைந்து மேலேறுகிறது. பைன் மரங்கள் பின்தங்கி தேவதாருக்கள் தொடங்கும் இடத்தில் கண்ணாடியை இறக்கச் சொன்னார் அம்மா. அந்த வாசனைக்காகவே இன்னொரு முறை போகலாம்.

ஊர் ரொம்பச் சின்னது. கடைவீதியை நடந்து முடிக்க பத்து நிமிஷம் போதும். சிம்லா மால் ரோட்டில் இருக்கிற கூட்டமெல்லாம் இல்லை. மூட்டுவலிக்காரரான அம்மா, காலையில் காட்டுப்பாதையில் மெதுவாக நடந்து, பட்டியாலா மன்னர்கள் கட்டிய பழைய குருத்வாரா வரை போய்வந்தார். ஏப்ரல் தொடக்கம் என்பதால் புராஞ்ச் என்னும் ரோடோடென்ட்ரான் மரங்கள் முழுக்கப் பூத்துச் சிவந்து கிடந்தன. அந்தப் பூவில் சர்பத் போடுகிறார்கள், லேசான புளிப்பு. மரத்துக்கு மரம் லங்கூர் குரங்குகள். சுற்றியிருக்கும் காடு வனவிலங்குச் சரணாலயம். கேளையாடு என்ற சின்ன மான் குரைப்பதைக் கேட்டு நாய் என்றே நினைத்தோம், டீக்கடைக்காரர்தான் விளக்கினார்.

அரண்மனை இப்போது ஹிமாச்சல் சுற்றுலாக் கழகத்தின் ஹோட்டல். தங்காதவர்களும் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போகலாம். பெரிய மரங்களுக்கு நடுவே அந்தப் புல்வெளியில் அவசரமில்லாமல் உட்காருங்கள்.

ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆகவேண்டும். பட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங்குக்கும் ஆங்கிலேயத் தளபதி கிட்ச்னருக்கும் தகராறு வந்தது, சிம்லாவுக்குள் வரக்கூடாது என்று தடை போட்டார்கள், அந்த ரோஷத்தில் 1891-ல் சைலை உருவாக்கினார் என்று எல்லோரும் ஒரே கதையைச் சொல்கிறார்கள். பூபிந்தர் சிங் பிறந்ததே 1891-ல்தான்! கிட்ச்னர் இந்தியாவுக்குத் தளபதியாக வந்தது 1902-ல். 1891-ல் பட்டியாலாவை ஆண்டவர் பூபிந்தரின் அப்பா ராஜிந்தர் சிங். பெயர் பெற்ற மகனின் நிழலில் அப்பா இப்படி மறைந்துபோனது எனக்கு வருத்தமாக இருந்தது. மகனுக்கும் பெருமை குறைவில்லை. 1911-ல் இங்கிலாந்து சென்ற இந்திய கிரிக்கெட் அணிக்குத் தலைவர் அவர்தான்.

மலை உச்சியைச் சமன்செய்து அமைத்த கிரிக்கெட் மைதானமும் 1893-லேயே வந்ததாகச் சொல்கிறார்கள். சுமார் 2,444 மீட்டர் உயரம், உலகிலேயே உயரமானது என்று பெயர். அது இப்போது ராணுவப் பள்ளி வசம் இருப்பதால் நினைத்த நேரத்தில் உள்ளே விடமாட்டார்கள். வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். சுற்றிலும் தேவதாரு, நடுவில் பச்சைத் தரை. சிக்ஸர் அடித்தால் பந்தைப் பள்ளத்தாக்கில்தான் தேட வேண்டும்.

குன்றின் மேல் இருக்கும் காலி கா டிப்பா என்ற காளி கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். வானம் தெளிவாக இருந்தால் சூர் சாந்தினி சிகரம் தெரியும். மதியத்துக்குமேல் மூட்டம்.

சாப்பாட்டுக்குப் பெரிய ஹோட்டல் தேடவேண்டாம். கடைவீதியில் ராஜ்மா சாவல், ஆலு பராத்தா நன்றாகவே கிடைக்கின்றன. சித்து என்று ஒன்று கேட்டு வாங்குங்கள்: புளிக்கவைத்த கோதுமை மாவுக்குள் பூரணம் வைத்து, நம்ம கொழுக்கட்டை மாதிரி ஆவியில் வேகவைத்து, மேலே நெய்யை ஊற்றித் தருவார்கள். அம்மா இரண்டு சாப்பிட்டார்.

நாங்கள் தங்கியது கடைவீதிக்குக் கீழே ஒரு சின்ன விடுதி. வெந்நீர் காலையில் மட்டும், ஹீட்டருக்குத் தனிக் காசு. முன்பதிவில் இதைச் சொல்லவே இல்லை. நீங்கள் கேட்டுக்கொண்டு பதிவு செய்யுங்கள். ஆனால் இருட்டியதும் அந்த மாடியிலிருந்து எதிர்மலையில் சிம்லாவின் விளக்குகள் மொத்தமும் தெரிந்தன. ஒரு மணி நேரத்தில் திரும்புகிறவர்களுக்கு இது கிடைக்காது.

மே, ஜூன் வார இறுதிகளைத் தவிருங்கள்; டெல்லி, சண்டிகர் கார்கள் சாலையை அடைத்துவிடும். மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் நடுவரை நல்லது. பகலில் வெயில் அடித்தாலும் ராத்திரி நல்ல குளிர், பெரியவர்களுக்குக் கம்பளிக் குல்லாவும் காலுறையும் கட்டாயம் வேண்டும்.