ஹிமாலயன் 411க்கு பேஷ் பிளேட்: நீண்ட நாள் ஓட்டியதில் தெரிந்தது

பேஷ் பிளேட், அதாவது என்ஜினின் அடிப்பாகத்தைக் கல்லடியிலிருந்து காக்கும் தகடு, வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்றுதான். நான் பிளேட்டைத் திருப்பிப் போட்டு, அதை வண்டியோடு பிடிக்கும் கிளாம்பையும் பிராக்கெட்டையும்தான் முதலில் பார்ப்பேன். நண்பர் ஒருவர் 5 மி.மீ. பிளேட் போட்டிருந்தார், தகடு அருமை, ஆனால் முன்பக்கம் பிடித்திருந்த பிராக்கெட் மெல்லிய பட்டை. ஒரு கல்லில் ஏறி இறங்கியதும் தகடு நசுங்கவில்லை, பிராக்கெட் மடங்கி மொத்தத் தகடும் பின்னால் போய் என்ஜினில் ஒட்டிக்கொண்டது.

என் வண்டி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411, பிளேட் 4 மி.மீ. அலுமினியம். சில வருடங்களாக அதே பிளேட்தான். ஏற்காட்டுப் பக்கம் எஸ்டேட் பாதைகள், ஜல்லி கொட்டிய குவாரி ரோடு, இமாச்சலில் ஸ்பிதி போனபோது பாத்தலில் இருந்து கிராம்ஃபூ வரை ரோடு என்ற பெயரில் கிடக்கும் உருண்டைக் கற்கள், எல்லாம் வாங்கியிருக்கிறது.

இந்த வண்டியின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 220 மி.மீ. கேட்க நிறையத்தான் இருக்கிறது, ஆனால் அடி விழுவது வண்டி நிற்கும்போது இல்லையே. முன் சக்கரம் கல்லைத் தாண்டி இறங்கி ஃபோர்க் (முன் சஸ்பென்ஷன்) முழுசாக அமுங்குகிற நொடியில்தான் விழும். ஃபோர்க் டிராவல், அதாவது அது அமுங்கும் தூரம், 200 மி.மீ., பின்னால் 180, அதோடு கிட்டத்தட்ட 200 கிலோ வண்டி, ஆள், லக்கேஜ் என்று சேர்த்தால் அந்த நேரத்தில் அடியில் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

411இல் ஒரு நல்ல விஷயம், என்ஜினுக்குக் கீழே ஃபிரேம் குழாய்கள் ஓடுகின்றன. பிளேட்டை அந்தக் குழாய்களில் கிளாம்ப் செய்தால் அடி ஃபிரேமுக்குப் போகும். கேடிஎம் 390 அட்வெஞ்சர் மாதிரி என்ஜினே ஃபிரேமின் வேலையையும் சேர்த்துச் செய்கிற வண்டிகளில் அடியில் குழாய் கிடையாது, பிளேட்டை என்ஜினிலேயே போல்ட் போட வேண்டியிருக்கும், அங்கே பலமான அடி விழுந்தால் கேஸிங்கில் (என்ஜினின் வெளிக்கூட்டில்) போல்ட் ஏறும் காது உடைய வாய்ப்பு உண்டு, அதனால் ரப்பர் புஷ் வைத்த மவுன்ட் உள்ளதாகப் பார்த்து வாங்குவது நல்லது. எந்த வண்டியானாலும் பிளேட்டுக்கும் கேஸிங்குக்கும் நடுவில் ஒரு விரல் நுழையணும். தகடு ஒட்டி உட்கார்ந்தால் அது வாங்குகிற அடி அப்படியே என்ஜினுக்குத்தான்.

அப்புறம் பின்பக்கம். 411இல் மோனோஷாக் லிங்கேஜ், அதாவது பின் ஷாக் அப்சார்பரைச் சக்கரத்தோடு இணைக்கும் பாகம், கீழே தொங்குகிறது, பல பிளேட்கள் ஆயில் டிரெய்ன் போல்ட்டை (ஆயிலை வடிக்கக் கழற்றுவதை) தாண்டியதும் முடிந்துவிடும். படி மாதிரி இருக்கும் பாறையில் முன் சக்கரம் ஏறிய பிறகு அடிபடுவது அந்த லிங்கேஜ்தான். சென்டர் ஸ்டாண்டுக்கு இடம் விட்டு எவ்வளவு தூரம் பின்னால் போகிறதோ அவ்வளவு நல்லது. பக்கவாட்டில் இரண்டு பக்கமும் கொஞ்சம் மேலே மடித்திருக்கணும், முன் சக்கரம் வாரி அடிக்கும் கல் நேராக அங்கேதான் வரும்.

மெட்டீரியல் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. ஒரு சதுர அடி 4 மி.மீ. அலுமினியம் ஒரு கிலோ, அதே அளவு 3 மி.மீ. ஸ்டீல் இரண்டு கிலோவுக்கு மேல். அலுமினியக் கலவை வகைகளில் 5052 நசுங்கும், ஆனால் சுலபத்தில் விரிசல் விடாது, பட்டறையில் தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். 6061 இன்னும் உறுதி, ஆனால் மடித்த இடத்தில் விரிசல் விடக்கூடியது. எச்டிபிஇ பிளாஸ்டிக் பாறையில் வழுக்கிக்கொண்டு போகும், சத்தமும் குறைவு. ஆனால் 130 டிகிரி பக்கத்தில் உருகும் பொருள் என்பதால் சூடான சைலன்ஸர் பெண்ட் குழாய் பிளேட்டுக்குப் பக்கத்தில் ஓடும் வண்டிகளில் யோசித்துப் போடுங்கள்.

சத்தம் என்றதும் ஞாபகம் வருகிறது. அலுமினியம் போட்ட முதல் நாள் என்ஜின் சத்தம் தகர டப்பாவுக்குள் இருந்து வருவது போலிருக்கும், வால்வு சத்தம் கூடிவிட்டதோ என்று மெக்கானிக்கைத் தேடி ஓட வேண்டாம், தகட்டில் மோதித் திரும்பி வருகிற சத்தம்தான். உள்ளே ஸ்பாஞ்ச் ஒட்டச் சொல்வார்கள், நான் ஒட்டவில்லை. அது சேற்றையும் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஸ்பாஞ்ச் இல்லாமலே மழைக்காலத்தில் தட்டு நிறையச் சேறு சேர்கிறது. காற்றில் குளிரும் என்ஜினுக்கு அடியில் அது காய்ந்து கட்டியாகக் கிடப்பது நல்லதில்லை, அதனால் ஒவ்வொரு சேற்றுப் பயணத்துக்குப் பிறகும் பிரஷர் வாட்டரைக் கீழிருந்து அடித்துக் கழுவுகிறேன்.

போல்ட் தலைகள் தகட்டுக்குள் அமிழ்ந்திருக்கணும், வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பாறை அதைத் தேய்த்து மொட்டையாக்கிவிடும், பிறகு சாவி பிடிக்காது. போல்ட் தளராமல் பிடிக்கும் நீல லாக்டைட் பசை போட்டும், நீண்ட பயணத்துக்கு முன்னால் ஒருமுறை முடுக்கிப் பார்க்கிறேன். டிரெய்ன் போல்ட்டுக்கு நேராக ஓட்டை இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு ஆயில் சேஞ்சுக்கும் மொத்தத்தையும் கழற்றணும்.

தார் ரோடும் எப்போதாவது ஒரு மண் ரோடும் மட்டும்தான் என்றால் வண்டியோடு வரும் பிளேட்டே போதும், அந்தக் காசில் நல்ல டயர் போடுங்கள்.