வாட்ஸ்அப் குழு: ஏர்கான் சர்வீஸ் ஆட்களுக்கு எவ்வளவு தூரம் உதவும்?

ஏர்கான் சர்வீஸ் வேலையில் ஆட்கள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. சிங்கப்பூரில் ஒரு ஜோடி மேற்கே ஜூரோங்கில், இன்னொரு ஜோடி கிழக்கே பாசிர் ரிஸில். ஒருவர் கண்டுபிடித்தது மற்றவருக்குப் போய்ச் சேர, சிறிய கம்பெனிகளில் வாட்ஸ்அப் குழுவை விட்டால் வேறு வழி இருக்காது. தொழில் கற்கும் கருவியாகப் பார்த்தால், கேட்பதற்கு அது மிக நல்லது. சேர்த்து வைப்பதற்கு மோசம்.

குரல் பதிவுதான் பெரிய பலம். எழுதத் தயங்குபவரும் ஏணியிலிருந்து இறங்கியதும் தமிழில் பேசிவிடுவார். ஆனால் கேள்வி ஒழுங்காக வரவேண்டும். "அண்ணே, தண்ணி ஒழுகுது" என்றால் யாராலும் உதவ முடியாது. "சிஸ்டம் 3, ஒரு ரூம்ல மட்டும் ஒழுகுது, ஃபில்டர் கழுவியாச்சு, காயில்ல ஐஸ் இல்ல" என்றால் (சிஸ்டம் 3 என்பது ஒரு வெளி யூனிட்டும் மூன்று உள் யூனிட்டும்; காயில் என்பது காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருள்), மூத்தவர் முதலில் தண்ணீர் வெளியேறும் டிரெயின் பைப்பின் அடைப்பைத்தான் சந்தேகிப்பார்; வேக்கம் மெஷின் போட்டு அடைப்பை இழுக்கச் சொல்வார். காயிலில் ஐஸ் கட்டியிருந்தால் விஷயமே வேறு: அழுக்கால் காற்று குறைந்திருக்கும், அல்லது குளிரூட்டும் கேஸ் குறைந்திருக்கும். பதில் சொல்பவர் இந்தக் காரணத்தையும் சொல்லியே ஆகவேண்டும். வெறுமனே "கேஸ் போடு" என்றால், கேஸ் எங்கே கசிகிறது என்று தேடாமல் அடுத்த வீட்டிலும் கேஸ்தான் போடுவார்கள்.

ஏர்கானில் ஒட்டியிருக்கும் லேபிளின் படத்தை எச்டி தரத்தில் அல்லது டாக்குமென்டாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி மாடல் எண் மங்கிவிடும். வாடிக்கையாளரின் வீட்டு எண்ணும் முகமும் படத்தில் வரவே கூடாது.

இனி குறைகள். குரல் பதிவுக்குள் இருப்பதைத் தேடி எடுக்க முடியாது, அதனால் கீழே ஒரு வரியாவது எழுதவேண்டும்: "சிஸ்டம் 3, ஒழுகல், டிரெயின் அடைப்பு." புதிதாகச் சேர்பவருக்குப் பழைய உரையாடல் தானாக வராது. முக்கியமானதைக் குழுவின் மேலே நிற்கும்படி 'பின்' (pin) செய்து வைத்தாலும் மூன்று செய்திகள்தான், அதிகபட்சம் 30 நாள். மறையும் செய்தி வசதியை யாராவது போட்டுவிட்டால், அதன்பின் வருவதெல்லாம் குறித்த நாளில் போய்விடும்.

இதைவிடப் பெரிய இழப்பு, பதில் தனிச் செய்தியில் போவது. கேட்டவருக்கு வேலை முடிந்தது, மற்றவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. முதலாளி அதே குழுவில் இருந்தால் "எனக்குத் தெரியல" என்று சொல்லக் கூச்சப்படுவார்கள், அதுவும் நியாயம்தான். ஜாப் அட்டவணைக்கு ஒரு குழு, சந்தேகத்திற்கு இன்னொரு குழு என்று பிரித்துவிடுங்கள். இரண்டாவதில் முதலாளி வேண்டாம்.

வாரம் ஒருமுறை மூத்தவர் ஒருவர் அந்த வாரக் கேள்விகளை கூகுள் ஷீட்டில் ஏற்றவேண்டும்: மாடல், அறிகுறி, காரணம், செய்த வேலை, மறுபடி வந்ததா. கடைசிக் கட்டத்தை இரண்டு வாரம் கழித்துத்தான் நிரப்ப முடியும். இதற்குச் சம்பள நேரத்தில் அரை மணி ஒதுக்குங்கள், ஓய்வு நாளில் கேட்காதீர்கள். இன்னும் முறையாகச் செய்ய விரும்பும் கம்பெனிகள், நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியில் 2018இல் தொடங்கிய வேலையிடக் கற்றலுக்கான தேசிய மையத்தை அணுகலாம்.