தண்ணி கெட்டியாக்குற பவுடர்: ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட்டோட ரிவ்யூ

ஸ்பீச் தெரபின்னா 'ர' வராத குழந்தைக்கு 'ர' சொல்லிக் குடுக்குறது மட்டும்தான்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, ஸ்ட்ரோக் வந்த பெரியவங்களுக்கு முழுங்கப் பழக்குறதும் எங்க வேலைதாங்க. தண்ணி மூச்சுக்குழாய்க்குள்ள போயிடக் கூடாதுன்னு சிலருக்கு கெட்டியாக்கிக் குடுப்போம், அதுக்குத்தான் இந்த பவுடர். முன்னாடி வாங்கினது ஸ்டார்ச் டைப், எச்சில்ல இருக்குற அமைலேஸ்ங்குற என்சைம் பட்டா ஸ்டார்ச் உடைஞ்சிடும், பாதி குடிச்சு வெச்ச டம்ளர்ல மீதி நீர்த்துப் போய் நிக்கும். இப்ப வாங்கினது சாந்தன் கம்ங்குற பிசின் டைப், அந்தத் தொல்லை இல்ல, தண்ணியும் கலங்கல.

10 மில்லி சிரிஞ்சு முனைய விரலால அடைச்சு, பவுடர் கலந்த தண்ணிய 10 மில்லி வரைக்கும் ஊத்தி, விரல எடுத்து 10 செகண்ட் விட்டுப் பாத்தேன், 4-லருந்து 8 மில்லிக்குள்ள மிச்சம் நின்னா ஐடிடிஎஸ்ஐ (குடிக்கிறது, சாப்பிடுறது எவ்வளவு கெட்டின்னு பிரிக்கிற சர்வதேச அளவுகோல்) லெவல் 2, எனக்கு 6 நின்னுச்சு. சூப்பர்.

மோர், பால்ல செட் ஆக லேட்டாகுது, பொறுமையில்லாம இன்னொரு ஸ்பூன் போட்டீங்கன்னா கொஞ்ச நேரத்துல களிதான். காபிக்கு ஓகே, ரசம் மட்டும் வழவழன்னு ஆகி யாருக்கும் பிடிக்கல (எனக்கும்தான்). விலை ஜாஸ்தி, மாசாமாசம் வாங்குற வீட்டுக்கு ரொம்பவே கஷ்டம்.

எந்த லெவல்னு தெரபிஸ்ட் பாத்துதான் சொல்லணும், நீங்களா ஆரம்பிக்காதீங்க. குறைமாசத்துல பொறந்த குழந்தைக்கு வேணவே வேணாம். அப்புறம் ஸ்கூப் பவுடருக்குள்ள புதைஞ்சிருக்கும், ஈரக்கைய விட்டுத் தேடாதீங்க, கட்டி தட்டிரும்.