ராகிக் களி, எண்ணெய் பாட்டில், ஒரு டிஜிட்டல் தராசு: மூணாவது மாம்பழ சீசனில் எழுதும் அனுபவம்

சமையல் தராசு நேற்றுத்தான் ரிப்பேரிலிருந்து வந்தது. கூலி 150 ரூபாய். அதே மாடல் ஆன்லைனில் இப்போது 329 ரூபாய்க்குக் கிடக்கிறது. நான் வாங்கியபோது 799. இந்த வயிற்றெரிச்சல் அடங்குவதற்குள் ஓசூரிலிருந்து ஓரகத்தியின் வாய்ஸ் மெசேஜ்: "அக்கா, நீங்க இளைச்சதுக்கு அந்த ஆப்பு காரணமா, தராசு காரணமா? நான் எதை வாங்கட்டும்?"

தராசைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 5 கிலோ வரை தாங்கும், ஒரு கிராம் வரை காட்டும், ரிமோட்டுக்குப் போடும் சின்ன பேட்டரி இரண்டு. ஆப் எல்லோர் போனிலும் இருப்பது மாதிரியான, சாப்பிட்டதைப் போட்டால் கலோரி கணக்குச் சொல்லும் ஒன்றுதான், வருடச் சந்தா. 84 கிலோவில் ஆரம்பித்தேன். இப்போது 71. பொங்கலுக்கு 73 ஆகும், ஆடிக்குள் திரும்ப இறங்கும். இதற்கு மேல் இறங்க மாட்டேன் என்கிறது, அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் என் ஜென்மப் பகை. இந்தத் தராசு இரண்டு நிமிடம் யாரும் தொடவில்லை என்றால் தானாக அணைந்துவிடும். அணைந்தால் அணையட்டும், அதற்கு முன்னால் நாம் பூஜ்ஜியம் ஆக்கி வைத்திருந்த கணக்கையும் சேர்த்து மறந்துவிடும். எண்ணெய் அளக்கச் சுலபமான வழி, பாட்டிலை அப்படியே தராசில் வைத்துப் பூஜ்ஜியம் ஆக்கிவிட்டு, எடுத்து ஊற்றி, திரும்ப வைப்பது. குறைந்த எடை மைனஸில் காட்டும். எங்கள் வீட்டில் பாட்டில் போகுமே தவிர உடனே திரும்பி வராது. அத்தை எண்ணெயை ஊற்றி, கடுகு வெடித்து, மிளகாய் கிள்ளிப் போட்டு, பக்கத்து வீட்டுக்காரம்மாவுக்கு ஜன்னல் வழியாகப் பதில் சொல்லிவிட்டுத்தான் பாட்டிலைக் கீழே வைப்பார். அதற்குள் தராசு தூங்கியிருக்கும். தட்டி எழுப்பிப் பாட்டிலை வைத்தால் 830 கிராம் என்று அதன் முழு எடையைக் காட்டும். எவ்வளவு ஊற்றினோம் என்பது கடவுளுக்கே வெளிச்சம். இதை வடிவமைத்தவர் ஒரு நாளாவது தாளித்திருக்க மாட்டார்.

அடுத்தது ஆப். தர்மபுரிப் பக்கத்துச் சாப்பாடு அதற்குச் சுத்தமாகத் தெரியாது. ராகிக் களி என்று தேடினால் நூறு கிராமுக்கு 80 கலோரி என்று ஒருவர் போட்டிருப்பார், 330 என்று இன்னொருவர் போட்டிருப்பார். இரண்டுமே பயனாளிகள் ஏற்றியவை. 330 என்பது காய்ந்த மாவின் கணக்கு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவு அட்டவணையில் 528 உணவுப் பொருட்கள் இருக்கின்றன. அதில் ராகி நூறு கிராமுக்குச் சுமார் 1342 கிலோஜூல். 4.184-ஆல் வகுத்தால் 320 கலோரி வருகிறது. நம் நாட்டு அட்டவணையிலும் நாமே வகுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் களியில் பாதிக்கு மேல் தண்ணீர். 300 கிராம் உருண்டையை மாவுக் கணக்கில் ஏற்றினால் 960 கலோரி என்று ஆப் சிவப்பில் கத்தும். நிஜத்தில் அது முந்நூறுக்குப் பக்கம்தான்.

நான் செய்வது இது. மாவைக் காய்ந்த நிலையிலேயே நிறுத்துவிடுவேன். 400 கிராம் மாவு என்றால் சுமார் 1280 கலோரி. களி வெந்து இறக்கியதும் குண்டானோடு தராசில் வைத்து, குண்டான் எடையைக் கழித்தால் களி 1,300 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு கிராமுக்கு 98. அவ்வளவுதான். அத்தை தண்ணீர் கூட வைத்தாலும் குறைய வைத்தாலும் கணக்கு தப்பாது. சாதத்துக்கும் இதே வழிதான், அரிசியாக இருக்கும்போது நிறுத்துவிட வேண்டும். சூட்டோடு குண்டானைத் தராசின் தலையில் வைக்கக் கூடாது, நடுவில் ஒரு பிரிமணை போட்டு அதையும் சேர்த்துக் கழிக்க வேண்டும்.

இதில் குண்டான் எடை தெரிந்திருக்க வேண்டுமே. பூஜ்ஜியம் ஆக்கி வைத்தால்தான் தராசு மறந்துவிடுகிறதே. தாளில் எழுதி ஒட்டினேன், நனைந்து போனது. மார்க்கரில் எழுதினேன், சபீனாவில் போனது. கடைசியில் குண்டான், குக்கர், இரும்புச் சட்டி மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு பேர் வெட்டும் பாத்திரக் கடைக்குப் போனேன். மாமனார் பெயருக்குக் கீழே "612" என்று வெட்டச் சொன்னேன். கடைப் பையன் "தேதியாக்கா?" என்றான். எடை என்றேன். மிஷினைக் கையில் பிடித்தபடி என்னை ஒரு முறை பார்த்துவிட்டு வெட்டினான், அந்த ஆறு மட்டும் கொஞ்சம் கோணல். அத்தை அன்று முழுக்க, "பாத்திரத்துல பேர்தான் வெட்டுவாங்க, இவ எடையை வெட்டிட்டு வந்திருக்கா" என்று போனில் எல்லாச் சொந்தக்காரர்களுக்கும் சொன்னார். சொல்லட்டும். இத்தனை நாளில் நான் செலவு பண்ணியதிலேயே உருப்படியான செலவு அதுதான், அது தராசு கம்பெனிக்கும் போகவில்லை, ஆப்புக்கும் போகவில்லை.

எண்ணெய்க்கும் அப்படியே ஒரு குறுக்கு வழி. காலையில் பாட்டிலை ஒரு முறை நிறுத்து எழுதுவேன், ராத்திரி அடுப்பைத் துடைத்ததும் இன்னொரு முறை. நடுவில் தராசு தூங்கினால் எனக்கென்ன? ஆரம்பத்தில் ஐந்து பேர் வீட்டில் ஒரு நாளைக்கு 210 கிராம் கடலை எண்ணெய் போய்க்கொண்டிருந்தது. தலைக்கு 42 கிராம். எந்த எண்ணெயானாலும் கிராமுக்கு 9 கலோரி, ஆக 378. ஒரு களி உருண்டையை விட அதிகம்! ஊரே களியைத்தான் குறை சொல்லும். ராத்திரி களியை விட்டுச் சப்பாத்திக்கு மாறுங்கள், உடம்பு இறங்கும் என்று சொல்லாத ஆள் இல்லை. அந்தச் சப்பாத்திக்கும் கல்லைச் சுற்றி எண்ணெய் விடுகிறோம். களிக்கு ஒரு சொட்டு வேண்டாம், கீரைக் கடைசலோ கொள்ளோ போதும். இப்போது பாட்டில் நாளைக்கு நூறு கிராம்தான் இறங்குகிறது. தலைக்கு இருநூறு கலோரி மிச்சம். குழம்பில் ருசி குறைந்தது என்று மாமா மட்டும் இன்னும் சொல்கிறார், அது உண்மைதான்.

கண்ணளவில் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு விஷயம். எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் எடை குறையவில்லை என்று வந்த ஒரு சிறு குழுவை அமெரிக்காவில் ஆராய்ந்து, 1992-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதினார்கள். அவர்கள் எழுதிக் கொடுத்தது, நிஜமாகச் சாப்பிட்டதை விடச் சராசரியாக 47 சதவீதம் குறைவு. பொய் சொல்ல வந்தவர்கள் இல்லை அவர்கள். கண் அப்படித்தான் அளக்கும்.

இனி 71-இல் நிற்கும் கதை. தினம் 500 கலோரி குறைத்தால் வாரம் அரைக்கிலோ போகும் என்று ஆப் கோடு போட்டுக் காட்டியது. அந்தக் கணக்குப்படி நான் இந்நேரம் காற்றில் பறந்திருக்க வேண்டும். 1958-இல் மேக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்ற மருத்துவர் ஒரு பவுண்டு எடைக்கு 3,500 கலோரி என்று எழுதியதிலிருந்து வரும் கணக்கு இது. உடம்பு சிறுத்தால் அதன் தேவையும் சிறுக்கும், கோடு வரவர வளைந்து படுத்துவிடும் என்று அமெரிக்க ஆராய்ச்சியாளர் கெவின் ஹால் குழுவினர் 2011-இலேயே லான்செட் மருத்துவ இதழில் காட்டிவிட்டார்கள். சும்மா படுத்திருக்கும்போது செலவாகும் கலோரிக்கு ஒரு சூத்திரம் உண்டு, மிஃப்ளின்-செயின்ட் ஜியோர் என்று பெயர். அதில் ஒரு கிலோவுக்குப் பத்து கலோரி. 13 கிலோ போனால் 130 கலோரி தேவை குறைகிறது, நடமாட்டத்தில் குறைவது தனி. எண்ணெயில் மிச்சம் பிடித்த இருநூறில் பெரும் பங்கு அங்கேயே கரைந்துவிட்டது. காசு வாங்கும் ஆப் இதைத் தானாகச் சொல்ல வேண்டாமா? நாமாக உள்ளே போய்ப் புது எடையைப் போட்டு, இலக்கையும் திரும்பக் கணக்குப் போடச் சொன்னால்தான் மாற்றுகிறது. அதுவரை 84 கிலோக்காரிக்கான சாப்பாட்டையே எனக்கு அனுமதித்துக்கொண்டிருந்தது.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். மாம்பழத்தில் மட்டும் ஆப்பும் தராசும் ஒற்றுமையாக இருக்கின்றன. சதை நூறு கிராமுக்கு 60 கலோரி அளவில்தான். கிருஷ்ணகிரிச் செந்தூரா ஒன்றைத் தோலும் கொட்டையும் கழித்து நிறுத்துப் பாருங்கள், பயந்த அளவு இருக்காது. (சர்க்கரை வியாதிக்காரர்கள் என் பேச்சைக் கேட்காமல் டாக்டரைக் கேட்கவும்.) அதே சாயங்காலம் டீக்கு இரண்டு நிப்பட்டை (எண்ணெயில் பொரித்த தட்டை மாதிரி) நிறுத்தால்தான் முகம் சுண்டிப் போகும்.

ரிப்பேர்காரர் மளிகைக் கடைத் தராசுகளைப் பார்ப்பவர். என்னுடையதைத் திருகிப் பிரித்ததும் உள்ளே ராகி மாவு ஒரு படலமாக, அதன்மேல் எறும்பு வரிசை. நடுவில் விரல் நீள அலுமினியக் கட்டை ஒன்று, அதில் ஒட்டியிருக்கும் மெல்லிய கம்பிப் படலம்தான் எடையை உணர்கிறதாம். கட்டைக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவில் மாவு இறுகி, கட்டை வளையவே இடமில்லை. துடைத்து, 500 கிராம் பித்தளைப் படிக்கல் வைத்தார், 500 காட்டியது. வீட்டில் சரிபார்க்க நான் வைத்திருப்பது கடைக்காரர்கள் வாங்க மாட்டேன் என்று தள்ளிய பத்து ரூபாய்க் காசுகள். ஒன்று 7.71 கிராம், பத்து வைத்தால் 77 காட்ட வேண்டும்.

ஆப் சந்தா அடுத்த மாசம் முடிகிறது, புதுப்பிக்கப் போவதில்லை. காரணம் மேலே சொன்ன எதுவும் இல்லை. ப்ளஸ் ஒன் படிக்கும் மகள், ஒல்லிக்குச்சி, தன் இட்லியைத் தராசில் வைத்து என் போனில் தட்டிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து தராசு மேல் பரணில்தான் இருக்கிறது, அவள் பள்ளிக்கூடம் போன பிறகே இறங்கும்.

ஓரகத்திக்குப் பதில்: உனக்கு இரண்டும் வேண்டாம். நீ இரண்டு வேளை கம்பெனி கேன்டீனில் சாப்பிடுகிறாய், அங்கே யார் தராசு வைத்துக்கொண்டு உட்கார்வது? 329 ரூபாய்தானே என்று ஆசைப்பட்டு வாங்கினால் அந்த இரண்டு நிமிடத் தூக்கத்தில் நீயும் என்னை மாதிரி கத்துவாய். லீவுக்கு வரும்போது உன் குக்கரையும் சட்டியையும் எடுத்துக்கொண்டு வா. என் தராசில் நிறுத்துத் தருகிறேன், அந்தப் பையனிடமே வெட்டிக்கொள்ளலாம். ஆறு கோணலாகத்தான் வரும்.