நோட்டீஸ் பீரியடின் 86-ஆம் நாளில் வந்த மின்னஞ்சல்

சென்னையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் ஆறாண்டுகள் ஜாவா பணியில் இருந்த நான், ஒரு பெரிய ஐடி சேவை நிறுவனத்தின் சொல்லை நம்பி, இருந்த வேலையையும் இழந்து நிற்கிறேன். இப்படிப்பட்ட நிறுவனங்களின் நேர்காணலுக்குச் சென்றுகொண்டிருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள்.

நேர்காணலில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஒரு சனிக்கிழமை சிறுசேரியில் நடந்த வாக்-இன்னில் காலை ஒன்பது மணிக்கு டோக்கன் வாங்கி, மாலை ஐந்துக்குள் இரண்டு தொழில்நுட்பச் சுற்றுகளையும் மேலாளர் சுற்றையும் முடித்துவிட்டேன். அடுத்த வாரம் அந்த நிறுவனத்தின் எச்ஆர் (மனிதவள அதிகாரி) தொலைபேசியில் அழைத்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. "நீங்க முதல்ல பேப்பர் போட்டு, அக்செப்டன்ஸ் மெயிலை அனுப்புங்க சார். அது வந்தாதான் ஆஃபர் லெட்டர் ரிலீஸ் பண்ண முடியும்" என்றார். பேப்பர் போடுவது என்றால் ராஜினாமா செய்வது; அதை என் நிறுவனம் ஏற்றுக்கொண்ட மின்னஞ்சலைத்தான் அவர் கேட்டார். அதுவரை எனக்குக் கிடைத்திருந்தது 'லெட்டர் ஆஃப் இன்டென்ட்' என்ற ஒரு பக்கக் கடிதம் மட்டுமே. வேலை தர எண்ணியிருக்கிறோம் என்பதற்கு மேல் அதில் எந்த உறுதியும் இல்லை. "ஆர்டர் கைக்கு வராம எப்படிப்பா இருக்கிற வேலைய விடுவ?" என்று அப்பா கேட்டார். பெரிய நிறுவனம், ஏமாற்ற மாட்டார்கள் என்று அவருக்குச் சமாதானம் சொல்லிவிட்டு, அன்றிரவே பேப்பர் போட்டேன்.

ராஜினாமா செய்தபின் பழைய நிறுவனத்தில் வேலை பார்க்கவேண்டிய நோட்டீஸ் பீரியட் 90 நாள். ஆஃபர் லெட்டர் வந்தது 58-ஆம் நாளில். பேசியபடி ஆண்டுக்கு 12 லட்சம் என்றுதான் அதில் இருந்தது; ஆனால் அதற்குள்ளேயே செயல்பாட்டைப் பொறுத்தே கிடைக்கும் 1,20,000 ரூபாய் வேரியபிள், நிறுவனம் செலுத்தவேண்டிய பி.எஃப். பங்கு, மருத்துவக் காப்பீட்டுப் பிரிமியம், அடிப்படைச் சம்பளத்தில் 4.81 விழுக்காடு கிராஜுவிட்டி (பணிக்கொடை) ஆகிய அனைத்தையும் அடக்கியிருந்தார்கள். நிரந்தர ஊழியருக்குப் பொதுவாக ஐந்தாண்டு நிறைவு செய்தால்தான் கிடைக்கக்கூடிய கிராஜுவிட்டியை ஆண்டுச் சம்பளத்தோடு கூட்டிக் காட்டுவது இத்துறையில் வழக்கமாகிவிட்டது என்பதால், பேசும்போதே மாதம் கைக்கு எவ்வளவு வரும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை. பின்வாங்கவும் வழியில்லாததால் கையெழுத்திட்டு அனுப்பினேன்.

86-ஆம் நாள் மாலை 6.40-க்கு, வாடிக்கையாளர் நிறுவனத்தின் தேவை மாறியிருப்பதால் பணியில் சேரும் தேதி தள்ளிவைக்கப்படுகிறது என்று மின்னஞ்சல் வந்தது. அதன் பின் மேலும் ஒருமுறை தள்ளிவைத்தார்கள். மூன்றாவது மின்னஞ்சலில் வேலையே இல்லை என்றார்கள். அன்றுவரை 'சார்' போட்டுப் பேசிய எச்ஆர் அதற்குப் பிறகு என் அழைப்பை எடுக்கவில்லை. வணிகத் தேவையைப் பொறுத்துச் சேரும் தேதியை மாற்றவும் வாய்ப்பை விலக்கிக்கொள்ளவும் நிறுவனத்திற்கு உரிமை உண்டு என்ற வரி, ஆஃபர் லெட்டரின் ஏழாம் பக்கத்தில் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2022-இல் வளாகத் தேர்வில் எடுக்கப்பட்டு, இரண்டாண்டுகளாகியும் பணியில் சேர்க்கப்படாத சுமார் 2,000 பட்டதாரிகளுக்காக, புனேயைச் சேர்ந்த நைட்ஸ் என்ற ஐடி ஊழியர் அமைப்பு 2024-இல் மத்திய தொழிலாளர் அமைச்சகத்திடம் புகார் அளித்தது.

நான் அணுகிய வழக்கறிஞர் முதலில் கேட்டது, பேப்பர் போடச் சொன்னது எழுத்தில் இருக்கிறதா என்பதைத்தான். இல்லை, எல்லாமே தொலைபேசிப் பேச்சு. ஆகவே எச்ஆர் எதைச் சொன்னாலும், "நீங்கள் கூறியபடி" என்று தொடங்கி அன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். எடுப்பது உறுதியான புராஜெக்டுக்கா, இனிமேல் வரக்கூடும் என்று அவர்கள் நினைக்கும் ஒன்றுக்கா என்பதையும் அதிலேயே கேளுங்கள். சம்பள விவரத்தோடு ஆஃபர் லெட்டர் வரும்வரை எவ்வளவு அவசரப்படுத்தினாலும் பேப்பர் போடாதீர்கள்.

பழைய மேலாளரிடம் திரும்பிச் சென்று கேட்டும் பார்த்தேன். அவர் வருந்தினார், ஆனால் என் இடம் நிரம்பிவிட்டது. அங்கு வந்திருக்கும் தம்பிக்கு ஆறு வாரம் உட்கார்ந்து கேடி கொடுத்து, என் வேலையைக் கற்றுக்கொடுத்தவன் நான்தான்.